முதலிடம் விற்பனைக்கு இல்லை

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் வெட் கிரைண்டர் செய்யும் சிறு பட்டறைகளுக்கு அடிக்கடி இப்படி ஒரு போன் வருகிறது: “சார், உங்க வெப்சைட்டைப் பார்த்தோம். கூகுள்ல எங்கேயோ பின்னாடி கிடக்கு. மூணே மாசத்துல முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்துடுறோம். கேரண்டி சார்.” பட்டறைக்காரருக்குக் கல்லும் மோட்டாரும் பெல்ட்டும் அத்துப்படி. தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் அவருக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. அந்த இடத்தில்தான் பணம் கைமாறுகிறது.

சிறு வணிகர்களின் இணையதளங்கள் பலவற்றைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தளம் வீணாகக் கிடப்பதற்குச் செலவு செய்யாதது காரணமாக இருப்பது குறைவு. தவறான நம்பிக்கையில், தவறான இடத்தில் செலவு செய்ததே பெரும்பாலும் காரணம். கிரைண்டர் பட்டறையை உதாரணமாக வைத்துப் பேசுகிறேன். புடவைக் கடைக்கும் பல் மருத்துவருக்கும் கேட்டரிங் செய்பவருக்கும் இதே கதைதான்.

நம்பிக்கை: பணம் கட்டினால் முதலிடம் கிடைக்கும்

கிடைக்காது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. தளத்தைச் சீர்செய்யத் தொடங்கியதிலிருந்து பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. பணம் கொடுத்து வாங்கக்கூடியது விளம்பரம் மட்டும். அது ‘ஸ்பான்சர்டு’ என்ற குறிப்போடு தனியாக வரும். பணம் நின்ற அன்று அதுவும் நின்றுவிடும். விளம்பரத்துக்கு எவ்வளவு கொட்டினாலும் இயல்பான தேடல் முடிவுகளில் உங்கள் தளம் ஓர் இடம்கூட மேலே ஏறாது. ‘கூகுள் பார்ட்னர்’ என்ற முத்திரையைக் காட்டி மயக்குகிறவர்களும் உண்டு. அது விளம்பரம் கையாளும் ஏஜென்சிகளுக்கான திட்டம். தேடல் வரிசைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

‘முதலிடம்’ என்று எல்லோருக்கும் பொதுவாக ஓர் இடமே கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். ‘வெட் கிரைண்டர் கடை’ என்று காந்திபுரத்தில் நின்று தேடுகிறவருக்கும் நாகர்கோவிலில் இருந்து தேடுகிறவருக்கும் வேறு வேறு பட்டியல் வரும். உத்தரவாதம் தருகிறவர்கள் மூன்று மாதம் கழித்து ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, “பாருங்க, முதல்ல வந்துட்டோம்” என்பார்கள். என்ன சொல்லைத் தேடினார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அது உங்கள் நிறுவனத்தின் பெயராக இருக்கும். இல்லாவிட்டால், எந்த வாடிக்கையாளரும் தட்டச்சு செய்யாத நீளமான ஒரு தொடராக இருக்கும். உங்கள் பெயரைத் தேடினால் நீங்கள் வருவது பெரிய சாதனை இல்லை. உங்கள் பெயரையே அறியாத ஒருவர் தன் தேவையைத் தேடும்போது நீங்கள் தென்படுகிறீர்களா என்பதே கேள்வி.

நம்பிக்கை: தேடுசொற்களை அள்ளிப் போட்டால் போதும்

‘கீவேர்டு’ என்ற சொல் கடைத்தெரு வரை வந்துவிட்டது. பக்கத்தின் பின்னணியில் ‘கீவேர்ட்ஸ்’ என்ற குறிச்சொல்லுக்குள் நூறு வார்த்தைகளை நிரப்பி, அதற்குத் தனியாகக் கட்டணம் வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தேடல் வரிசைக்கு அந்தக் குறிச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது.

இதன் இன்னொரு வடிவம் ஊர்ப் பெயர்கள். பக்கத்தின் அடியில் பொள்ளாச்சி, உடுமலை, ஈரோடு, கரூர் என்று ஐம்பது ஊர்களை வரிசையாக எழுதுவது. அல்லது ஒரே பக்கத்தை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பக்கங்களாகப் போடுவது. கூகுளின் விதிகளில் இவை இரண்டும் ஏமாற்று வேலைகளின் பட்டியலில் உள்ளன. ஈரோட்டில் உங்களுக்கு உண்மையிலேயே டீலர் இருந்தால் அவருடைய முகவரி, போன் எண், அங்கே சர்வீஸ் கிடைக்கும் நாள்கள் ஆகியவற்றோடு ஒரு பக்கம் போடுங்கள். அது நேர்மையான பக்கம், படிப்பவருக்கும் பயன்படும்.

அப்படியானால் தளத்தில் எதை எழுதுவது? பட்டறையில் போன் எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு மாதம் வாடிக்கையாளர்கள் கேட்பதை அப்படியே எழுதிவைக்கச் சொல்லுங்கள். பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டரில் ஒரு தடவைக்கு எத்தனை கிலோ அரிசி போடலாம்? சிங்கிள் ஃபேஸ் கரண்டில் ஓடுமா? இட்லிக்கடைக்கு எந்த அளவு சரியாக இருக்கும்? உளுந்து அரைக்கும்போது மாவு சூடேறுமா? கல்லை எப்போது கொத்த வேண்டும்? பெல்ட் அறுந்தால் எங்கள் ஊரில் கிடைக்குமா? திருநெல்வேலிக்கு லாரியில் அனுப்பினால் எத்தனை நாள் ஆகும், வாடகை யார் கொடுப்பது?

இந்தக் கேள்விகளைத்தான் மக்கள் தேடுகட்டத்திலும் கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பட்டறைக்காரர் சொல்லும் பதிலை, அவர் சொல்லும் விதத்திலேயே எழுதினால் அதைவிடச் சிறந்த உள்ளடக்கம் வேறில்லை. ஆனால் நம் தளங்களில் இருப்பதோ, ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்ற வகையில் நான்கு பத்திகள். அந்தப் பத்திகளை எந்தத் தொழிலின் பெயரோடும் ஒட்டிவிடலாம். கோவை வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதைச் செய்கிறவர்கள் தங்கள் அறிவைத் தளத்தில் வைக்காமல் வெறும் புகழ்ச்சியை வைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இவ்வளவு தெரிந்த மனிதர்கள் அதில் பாதியைக்கூட வெளியே சொல்வதில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒரு நிமிடத்தில் நூறு கட்டுரை எழுதித் தருகின்றன. கருவியால் எழுதியது என்பதற்காகவே கூகுள் ஒரு பக்கத்தை ஒதுக்குவதில்லை. ஆனால் தேடலில் இடம்பிடிப்பதற்காகவே பயனற்ற பக்கங்களை மொத்தமாகக் கொட்டுவதை 2024 மார்ச்சில் வெளியான அதன் விதிகள் நேரடியாகத் தடை செய்கின்றன. கல் கொத்தும் பக்குவம் எந்தக் கருவிக்கும் உங்கள் பட்டறை மேஸ்திரி அளவுக்குத் தெரியாது.

நம்பிக்கை: தமிழில் போட்டால் யாரும் தேட மாட்டார்கள்

இதைச் சொல்பவர்களில் பலர் தமிழை ஏற்கெனவே போட்டுப் பார்த்தவர்கள். “தமிழ்ல பக்கம் இருக்கு சார், ஒருத்தரும் வரல” என்பார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் காரணம் அங்கேயே இருக்கும்.

முதல் காரணம் படம். நோட்டீஸ் அடித்த அச்சகத்திடமிருந்து வாங்கிய வடிவமைப்பை அப்படியே படமாக ஏற்றியிருப்பார்கள். விலைப்பட்டியல் படம், முகவரி படம், மாடல் விவரமும் படம். கண்ணுக்கு அழகாகத் தமிழ் தெரியும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பக்கத்தின் எழுத்தாகத் தேடுபொறி எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானுக்கும் அது வெறும் படம்தான்.

இரண்டாவது காரணம் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளே. திரையில் அவற்றின்மேல் தமிழ் வடிவம் போர்த்தப்படுகிறது. அதே எழுத்துருவைத் தளத்திலும் ஏற்றிவிட்டால் பார்ப்பவருக்குத் தமிழாகத் தெரியும். கூகுளுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் கிடைக்கும். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது. ஆனாலும் அச்சகங்களின் கணினிகளில் பழைய எழுத்துரு இன்னும் வாழ்கிறது. அங்கிருந்து தளங்களுக்கும் வந்துவிடுகிறது. சோதிப்பது எளிது. உங்கள் பக்கத்தில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறி வந்தால் பழைய எழுத்துரு. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால், அது படமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, தானியங்கி மொழிபெயர்ப்புப் பொத்தான். ஆங்கிலப் பக்கத்தின் மூலையில் அதை வைத்துவிட்டு ‘தமிழிலும் உண்டு’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மொழிமாற்றம், பொத்தானை அழுத்துகிறவருடைய போனுக்குள் அந்த நேரத்தில் மட்டும் நடக்கிறது. தேடுபொறி பார்ப்பது ஆங்கிலப் பக்கத்தை மட்டுமே. தமிழ்ப் பக்கம் வேண்டுமென்றால் தனி முகவரியோடு, மனிதர் எழுதிய தமிழில் ஒரு பக்கம் வேண்டும்.

நம்மவர்கள் ‘கிரைண்டர் கல்’ என்று தமிழிலும் தேடுகிறார்கள், அதையே ஆங்கில எழுத்தில் தட்டியும் தேடுகிறார்கள், போனிடம் வாய்விட்டும் கேட்கிறார்கள். அதனால் ஆங்கிலப் பக்கம், தமிழ்ப் பக்கம் இரண்டும் இருக்கட்டும். தமிழ்ப் பக்கத்தில் ‘ஈர அரைப்பான்’ என்று எழுதாதீர்கள். வாங்க வருகிறவர் கேட்பது கிரைண்டர்தான்.

நம்பிக்கை: கூகுள் மேப்பில் இருக்கிறோம், வெப்சைட் தேவையில்லை

பாதி உண்மை. உள்ளூர் வாடிக்கையாளருக்குக் கூகுளில் உள்ள இலவச வணிகப் பக்கம்தான் உங்கள் வாசல். அதில் வரும் வரிசையை மூன்று விஷயங்கள் தீர்மானிப்பதாகக் கூகுள் சொல்கிறது: தேடியதற்கு உங்கள் தொழில் எவ்வளவு பொருந்துகிறது, தேடுகிறவரிடமிருந்து எவ்வளவு தூரம், உங்கள் கடை எவ்வளவு அறியப்பட்டது. இதிலும் பணத்துக்கு வேலை இல்லை. கடைப் பெயர் போர்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பெயரோடு ‘பெஸ்ட் கிரைண்டர் கோயம்புத்தூர் லோ பிரைஸ்’ என்று ஒட்டினால் பக்கமே முடக்கப்படலாம். ஆயுத பூஜை, பொங்கல் நாள்களில் திறக்கும் நேரத்தை மாற்றிப் போடுவது, நல்ல படங்களை ஏற்றுவது ஆகியவை சின்ன வேலைகள்தான். செய்கிறவர்கள் குறைவு.

ஆனால் அந்த இடம் உங்களுக்குச் சொந்தமானதல்ல. வணிகப் பக்கத்தோடு கூகுள் இலவசமாகக் கட்டிக்கொடுத்த சிறு இணையதளங்கள் அத்தனையும் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் கார்டை மாற்ற வேண்டியதாயிற்று. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களுக்கும் இதே நிலைதான். சொந்த முகவரியில் ஒரு சிறிய தளம், ஐந்து பக்கம் இருந்தாலும், அது உங்களுடையது.

ரிவ்யூ பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து நட்சத்திரத்தை விலைக்கு வாங்குவது கூகுள் விதிக்குப் புறம்பானது. ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி என்பதும் அப்படியே. இந்தியத் தர நிர்ணய அமைப்பு இணைய ரிவ்யூக்களுக்கென்றே 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. பொருள் வாங்கியவர்களிடம் நேர்மையாகக் கேட்பதில் தவறில்லை. பில்லோடு ஒரு கியூ.ஆர். அட்டை வையுங்கள். குறை எழுதியவருக்குப் பொறுமையாக எழுதும் பதிலை, அடுத்து வாங்க வருகிறவர் கட்டாயம் படிப்பார்.

நம்பிக்கை: தளம் பளபளப்பாக இருந்தால் மயங்கிவிடுவார்கள்

முகப்பில் ஓடிக்கொண்டே இருக்கும் பெரிய படவரிசை இல்லாமல் தளம் கட்டித்தர நம் ஊரில் யாருக்கும் மனம் வருவதில்லை. அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழகம் 2013-இல் தன் முகப்பில் ஓடும் படவரிசையை அளந்து பார்த்தது. வந்தவர்களில் ஏறக்குறைய 1 சதவீதம் பேர்தான் அதைச் சொடுக்கினார்கள். அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் முதல் படத்தை மட்டும். பின்னால் ஓடிய படங்களுக்கான உழைப்பு வீண். நம் தளங்களில் நட்டம் இன்னும் கூடுதல். போனில் எடுத்த நான்கைந்து எம்.பி. படங்களை அளவு குறைக்காமல் ஏற்றிவிடுகிறோம். பஸ்ஸில் போய்க்கொண்டே பழைய போனில் திறக்கிறவர், படம் வருவதற்குள் வெளியேறிவிடுகிறார். தளப் படங்களை வெப்பி வடிவத்துக்கு மாற்றி இருநூறு கே.பி.க்குள் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வருகிறவரின் அனுபவத்தைக் கூகுள் மூன்று அளவுகளில் பார்க்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் பக்கம் அசைந்து கொடுக்க வேண்டும். படிக்கும்போது எழுத்தும் பொத்தானும் குதித்து இடம் மாறாமல் இருக்க வேண்டும்; இதற்கான வரம்பு 0.1. ‘பேஜ் ஸ்பீடு இன்சைட்ஸ்’ என்ற கூகுளின் இலவசக் கருவியில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் மூன்றையும் காட்டும். போதுமான ஆட்கள் வராத சிறு தளமாக இருந்தால், ஆய்வகச் சோதனை எண்களை மட்டும் காட்டும்.

இங்கேயும் ஒரு புது நம்பிக்கை முளைத்திருக்கிறது: அந்தக் கருவியில் நூற்றுக்கு நூறு வாங்கினால் முதலிடம் வந்துவிடும் என்று. வராது. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாத பக்கம் எவ்வளவு வேகமாகத் திறந்தாலும் பயன் இல்லை. வேகம் வாடிக்கையாளருக்காக, மதிப்பெண்ணுக்காக அல்ல.

தளத்தைக் கணினியில் பார்த்து “நல்லா இருக்கு” என்று ஒப்புதல் தருகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கூகுள் இப்போது உங்கள் தளத்தின் மொபைல் வடிவத்தையே படித்துப் பதிவு செய்கிறது. அந்த மாற்றம் 2024 ஜூலையில் முழுமையடைந்தது. ‘போனில் இடம் போதாது’ என்று நீக்கிய விவரம் கூகுளுக்கும் இல்லாத விவரம்தான். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவருடைய போனையே கொடுத்து, “இதுல பத்து லிட்டர் கிரைண்டர் விலை என்னன்னு பாருங்க, அப்புறம் கடைக்கு போன் போடுங்க” என்று சொல்லிவிட்டு, பேசாமல் அருகில் உட்காருங்கள். வெளிர் சாம்பல் எழுத்து அவருக்குத் தெரியாது. போன் எண் படமாக இருந்தால் தொட்டும் அழைப்பு போகாது. உள்ளே நுழைந்ததும் எழும் ‘சலுகைக்கு எண்ணைப் பதிவு செய்யுங்கள்’ பெட்டியை மூடத் தெரியாமல் தவிப்பார். அவர் தடுமாறும் ஒவ்வோர் இடமும் நீங்கள் திருத்த வேண்டிய இடம். இதற்கு எந்த ஏஜென்சியும் வேண்டாம்.

விலை போட்டால் போட்டிக்காரருக்குத் தெரிந்துவிடும் என்று மறைக்கிறவர்கள் உண்டு. போட்டிக்காரருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாமல் தவிப்பவர் வாங்க வந்தவர் மட்டுமே. சரியான விலை போட முடியாவிட்டால், ‘இந்த மாடல் இத்தனை ரூபாய் முதல்’ என்றாவது போடுங்கள்.

நம்பிக்கை: ஆயிரம் பேக்லிங்க் வாங்கினால் ஏறிவிடலாம்

பிற தளங்கள் உங்களைச் சுட்டுவது மதிப்புதான். கூகுளே 1998-இல் அந்தக் கருத்தின் மேல் எழுந்தது. அதனாலேயே போலிச் சுட்டிகளின் சந்தையும் வளர்ந்தது. 2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தின் மூலம் கூகுள் அதன்மேல் கை வைத்தது. யாரும் படிக்காத தளங்களிலிருந்து வாங்கும் ஆயிரம் சுட்டிகளைவிட, நீங்கள் உறுப்பினராக உள்ள தொழில் சங்கத்தின் பட்டியலில் ஒரு சுட்டி, உங்கள் டீலரின் தளத்தில் ஒரு சுட்டி, உங்கள் கிரைண்டரைப் பயன்படுத்தும் ஓட்டல்காரர் எழுதிய ஒரு குறிப்பு மேல்.

இன்னும் சில சில்லறை நம்பிக்கைகள். தினமும் ஏதாவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்: தேவையில்லை, விலையும் விவரமும் சரியாக இருந்தால் போதும். கட்டுரை இரண்டாயிரம் சொல் இருக்க வேண்டும்: அப்படி ஓர் அளவு கிடையாது. பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனியாகப் பெரிய தொகை வேண்டும்: சாதாரண கடைத் தளத்துக்கு லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழே போதும். அது இல்லாத தளங்களைக் குரோம் உலாவி 2018 ஜூலை முதல் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டுகிறது.

நம்பிக்கை: அதெல்லாம் வெப்சைட் பண்ணிக் கொடுத்த தம்பி பார்த்துக்குவார்

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். டொமைன் அந்தத் தம்பியின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். ஹோஸ்டிங் பாஸ்வேர்டு அவரிடம். கூகுள் வணிகப் பக்கத்தின் உரிமையாளரும் அவரே. அவர் நல்லவராகவே இருக்கலாம். வேலை மாறி வெளிநாடு போவார், எண் மாறும், புதுப்பிக்கும் தேதியை நினைவூட்டும் மடல் அவர் பார்க்காத முகவரிக்குப் போகும். காலாவதியான டொமைனை மீட்கக் குறுகிய அவகாசம் உண்டு. அதுவும் முடிந்தால் உலகில் யார் வேண்டுமானாலும் அதை வாங்கலாம். பத்தாண்டு உழைப்பில் தேடலில் கிடைத்த இடம் அந்த முகவரியோடு போய்விடும்; புது முகவரியில் எல்லாம் முதலிலிருந்து.

தேடலில் உங்கள் தளம் என்ன நிலையில் உள்ளது என்பதைக் கூகுளே இலவசமாகச் சொல்கிறது. ‘சர்ச் கன்சோல்’ என்ற அந்தக் கருவியில், எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு நீங்கள் தென்பட்டீர்கள், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எந்தப் பக்கம் பதிவாகவில்லை என்பதெல்லாம் தெரியும். அதைத் திறக்கும் உரிமை உங்கள் கையில் இருந்தால், எந்த ஏஜென்சி காட்டும் அறிக்கையையும் நீங்களே சரிபார்க்கலாம்.

அதனால் அடுத்த ‘கேரண்டி’ போனுக்குப் பதில் சொல்வதற்கு முன், உங்கள் தளத்தைக் கட்டியவரை அழையுங்கள். டொமைன் கணக்கு, ஹோஸ்டிங், கூகுள் வணிகப் பக்கம், சர்ச் கன்சோல் ஆகிய நான்கும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லை என்றால் இந்த வாரத்துக்குள் மாற்றித் தரச் சொல்லுங்கள். புதிதாகத் தளம் கட்டுவதாக இருந்தால் முன்பணம் கொடுக்கும் முன்பே இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.